தாலி கட்டியவள் ‘மணமாகாத துணை’யா?

உங்கள் வீட்டு அலமாரியில் கல்யாண ஆல்பம் இருக்கும். வெல்வெட் அட்டை போட்டது, முதல் பக்கத்தில் பிள்ளையார் படம். அதை வெளியே எடுத்து மேசைமேல் வையுங்கள். பக்கத்தில் உங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது கிடைத்ததா? கிடைத்தவர்கள் அதைப் பத்திரப்படுத்திவிட்டு, கிடைக்காத பக்கத்து வீட்டாருக்காக இதைப் படியுங்கள். கிடைக்காதவர்களே, இது உங்களுக்காகவே எழுதப்படுகிறது. படிக்கும்போது கோபம் வந்தால் வரட்டும். எங்களுக்கும் வந்தது.

பாசீர் கூடாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டிலிருந்து ஒரு தங்கை எங்களைத் தொலைபேசியில் அழைத்தார். கோயிலில் தாலி கட்டி ஐந்து வருடம், மூன்று வயதில் ஒரு பையன். கணவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து, இரவு பத்து மணிக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். முதலில் ‘பெர்மிட்’, பிறகு ‘எஸ் பாஸ்’. உடம்பு தாங்காமல் அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டார். சரி, நாமும் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று குடும்பம் நினைத்தது. அதில் என்ன தவறு?

கம்பெனி ஆபீஸில் பாஸ் வேலைகளைப் பார்க்கும் பெண் கேட்டது ஒரே கேள்வி: “மேரேஜ் செர்ட்டிபிகேட் இருக்கா?”

இவர்கள் கோயில் மண்டப ரசீதை அனுப்பினார்கள். தாலி கட்டும் படத்தை அனுப்பினார்கள். பத்திரிகையையும் அனுப்பினார்கள். பதில் வந்தது: இதெல்லாம் திருமணச் சான்று ஆகாது, உங்கள் மனைவியை ‘காமன் லா ஸ்பவுஸ்’ என்று போட்டுத்தான் விண்ணப்பிக்கப் பார்க்க வேண்டும். அதாவது, சட்டப்படி மணமாகாமல் சேர்ந்து வாழும் துணை.

அந்தத் தங்கை எங்களிடம் கேட்டது இதுதான்: “அண்ணே, முந்நூறு பேர் வந்து சாப்பிட்டுட்டுப் போனாங்க. அம்மி மிதிச்சேன், அருந்ததி பார்த்தேன். இப்ப அவரு என்னைச் சும்மா வச்சிருக்காருன்னு எழுதித் தரச் சொல்றாங்களா?”

ஆறுதல் சொல்ல எங்களிடம் வார்த்தை இல்லை. அந்த பாரத்தின் கண்ணுக்கு அவர் மனைவி இல்லை.

1982 மார்ச் 1. இந்தத் தேதியை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம், அதாவது சட்டம் 164, அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு கோயிலிலோ வாசலில் பந்தல் போட்டோ வழக்கப்படி நடந்த கல்யாணங்களைச் சட்டம் பதிவு ஆனவையாகவே கருதுகிறது. உங்கள் தாத்தா பாட்டிக்குக் காகிதம் தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு, முஸ்லிம் அல்லாதாரின் திருமணம் பதிவாளர் முன்னிலையிலோ, துணைப் பதிவாளராக நியமனம் பெற்ற கோயில் குருக்கள் முன்னிலையிலோ, இரண்டு சாட்சிகளோடு, சட்டம் சொல்லும் முறையில் நடக்க வேண்டும். நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்து வாதாட ஏதாவது இடம் இருக்கலாம். விசா முகப்பில் வாதாட இடமில்லை. அரசாங்கப் புத்தகத்தில் கையெழுத்து இல்லாத தாலி, அரசாங்கத்தின் கண்ணுக்கு வெறும் நகை.

இந்தச் சட்டம் நம் பகை என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு மனைவி இருக்க இன்னொருத்தியைக் கட்டுவதை முஸ்லிம் அல்லாதாருக்குக் குற்றமாக்கியது இதுதான். கைவிடப்பட்ட எத்தனையோ பெண்களுக்கு ஜீவனாம்சம் வாங்கிக் கொடுத்ததும் இதுதான். எங்கள் சண்டை வேறு. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட இந்தச் சட்டத்தைத் தோட்டத்துக்கு யார் கொண்டுவந்து சொன்னார்கள்? நான் பிறந்த தோட்டத்தில் தேர்தலுக்குத் தேர்தல் அரிசி மூட்டை லயத்து வாசல் வரை வந்தது. பதிவு பாரம் ஒருநாளும் வரவில்லை. 2018இல் ஆட்சி மாறியது, பிறகும் மாறிக்கொண்டே இருந்தது. பாரம் வரவில்லை.

கோயில் நிர்வாகங்களையும் கேட்கத்தான் வேண்டும். பதிவுச் சான்று காட்டாமல் முகூர்த்தத் தேதி தருவதில்லை என்று கறாராக இருக்கும் கோயில்கள் இருக்கின்றன. அந்த நிர்வாகத்தினரைக் கையெடுத்துக் கும்பிடலாம். மற்றவர்கள்? மண்டபத்துக்கு முன்பணம் கேட்கத் தெரிகிறது. தட்டு உடைந்தால் எவ்வளவு, நாற்காலி குறைந்தால் எவ்வளவு என்று எழுதி வாங்கத் தெரிகிறது. “ரெஜிஸ்டர் பண்ணியாச்சாம்மா?” என்று ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லையே, ஏன்?

“மணமாகாமல் சேர்ந்து வாழ்வதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், அந்த விசாவைப் பற்றி நமக்கு என்ன பேச்சு?” என்று கேட்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. ஐயா, அந்த விசா உங்கள் மருமகளைப் பற்றியது. அவளை அந்த வரிசையில் நிறுத்தியிருப்பது அவளுடைய நடத்தை இல்லை, உங்கள் வீட்டில் இல்லாத ஒரு காகிதம். உண்மையிலேயே தாலி கட்டாமல் வாழ்கிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். சாதி பார்த்துப் பெற்றோர் கதவை அடைத்ததால், முதல் திருமணத்தின் மணவிலக்கு முடியாததால், அல்லது அவர்கள் விருப்பத்தால். அவர்களை இங்கே நாங்கள் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. விசா அதிகாரிக்கு இரண்டு பேரும் ஒரே பெட்டிதான்.

அந்தப் பெட்டிக்கு ஒவ்வொரு நாடும் என்ன விலை வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

சிங்கப்பூரில் பதிவு செய்த மனைவிக்கும் 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கும் ‘டிபெண்டன்ட் பாஸ்’. பதிவில்லாத துணைக்கு நீண்டகால வருகை அனுமதி. இரண்டுக்கும் கம்பெனிதான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டுக்கும், அங்கே வேலை செய்கிறவரின் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி இருக்க வேண்டும். 2018க்கு முன்பு இது 5,000 வெள்ளி.

பிரிட்டனில் இரண்டு வருடம் திருமணத்தைப் போன்ற உறவில் இருந்ததைக் காட்ட வேண்டும். முன்பெல்லாம் அந்த இரண்டு வருடமும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். 2024 ஜனவரி 31 முதல் அதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் ஒரு கையால் தளர்த்தி மறு கையால் இறுக்கிவிட்டார்கள். அங்கே குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ளவர் தன் துணையை அழைக்க ஆண்டுக்கு 18,600 பவுன் வருமானம் போதும் என்றிருந்தது, 2024 ஏப்ரலில் 29,000 பவுன் ஆனது. முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாகப் போகிறவர்கள் 2024 மார்ச் 11 முதல் துணையையோ பிள்ளையையோ கூட்டிக்கொண்டு போகவே முடியாது என்றார்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் பதிலாக வெள்ளைக்காரக் கிழவரைக் குளிப்பாட்டித் துடைக்க நம் பெண் வேண்டும், அவளுடைய குடும்பம் வேண்டாம் என்றிருந்தது அன்றைக்கு!

ஆஸ்திரேலியாவில் ‘டி பாக்டோ’ என்று பெயர். பொதுவாக 12 மாத உறவைக் காட்ட வேண்டும். விண்ணப்பக் கட்டணம் மட்டுமே 9,000 ஆஸ்திரேலிய வெள்ளிக்கு மேல். வேண்டாம் என்று பதில் வந்தாலும் அந்தப் பணம் போனது போனதுதான்.

சரி, கட்டணம் புரட்டிவிட்டீர்கள். சான்று? இங்கேதான் நம் பாட்டாளிக் குடும்பம் மாட்டிக்கொள்கிறது. அவர்கள் கேட்பது இருவர் பேரிலும் வங்கிக் கணக்கு, இருவர் பேரிலும் வாடகை ஒப்பந்தம், ஒரே முகவரிக்கு இருவருக்கும் வந்த கடிதங்கள், மின்சாரக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், சேர்ந்து வாங்கிய சாமான்களின் ரசீது. உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். கல்யாணம் ஆனதும் எங்கே குடியேறினீர்கள்? மாமியார் வீட்டில். மூன்று அறை, அதில் ஒன்று உங்களுக்கு. மின்சார பில் மாமனார் பேரில். அவர் இறந்து நான்கு வருடம் ஆகியும் இன்னும் அவர் பேரில்தான் வருகிறது. வாடகை ஒப்பந்தமா? வீட்டுக்காரரிடம் மாதம் பிறந்ததும் கையில் கொடுக்கிறோம். வங்கிக் கணக்கு கணவருக்கு மட்டும், அதுவும் கம்பெனி திறந்து கொடுத்தது. சேர்ந்து வாங்கிய தங்கமோ அடகுக் கடையில், சீட்டு ஒருவர் பேரில். உங்கள் அடையாள அட்டையில் இன்றைக்கும் அம்மா வீட்டு முகவரி இருக்கிறது, மாற்றுவதற்கு ஒருநாள் லீவு எடுக்க முதலாளி விடவில்லை.

பத்து வருடம் ஒரே தலையணையில் தூங்கியவர்கள், சேர்ந்து வாழ்ந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் காட்ட முடியாமல் நிற்கிறார்கள். பங்சாரில் கொண்டோ எடுத்து ஆறு மாதம் சேர்ந்து வாழ்ந்த ஜோடிக்கோ ஒரு கோப்பு நிறையக் காகிதம் இருக்கிறது. இந்த விசாவை எழுதியவர்கள் யாருடைய வாழ்க்கையை மனதில் வைத்து எழுதினார்கள் என்று இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

இந்த இடத்தில்தான் ஏஜெண்டு வருகிறார். “முதல்ல நீங்க மட்டும் ‘சிங்கிள்’னு போட்டுப் போங்க, சம்சாரத்தை அப்புறம் பார்த்துக்கலாம்” என்பார். தேசியப் பதிவிலாகா ஆவணத்திலும் நீங்கள் ‘பூஜாங்’தானே என்று சிரிப்பார். நம்பாதீர்கள்! மூன்று வருடம் கழித்து, “இவள் என்னோடு ஐந்து வருடமாக வாழ்கிற துணை” என்று நீங்கள் எழுதும்போது, அதிகாரி உங்கள் பழைய பாரத்தை எடுத்துப் பக்கத்தில் வைப்பார். அன்றைக்குப் பொய் சொன்னீர்களா, இன்றைக்குப் பொய் சொல்கிறீர்களா என்று கேட்பார். பிரிட்டனில் ஏமாற்று என்று முடிவு செய்தால் பத்து வருடம் வரை கதவு அடைபடலாம். ஆஸ்திரேலியாவில் பொய்ச் சான்று கொடுத்தால் மூன்று வருடம். ஏஜெண்டு அன்றைக்குத் தொலைபேசி எடுக்கமாட்டார். பதிவு இல்லாவிட்டாலும், துணை இருக்கிறார் என்பதை முதல் பாரத்திலேயே கேட்கும் இடத்தில் எழுதுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கதவு உள்ளவர்களுக்கு. கதவே இல்லாதவர்களைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் வெறும் ‘வொர்க் பெர்மிட்’டில் வேலை செய்கிறவருக்கு, பதிவு செய்த மனைவியாக இருந்தாலும் சரி, பதிவில்லாத துணையாக இருந்தாலும் சரி, குடும்பத்தை அழைக்கும் பாஸ் எதுவும் கிடையாது. சம்பளப் பேச்சுக்கே இடமில்லை. துவாஸில், ஜூரோங்கில், கட்டுமானத் தளங்களில் உழைக்கும் கைகள் மட்டும் எல்லை தாண்டலாம். அந்தக் கைக்குச் சொந்தமான குடும்பம் இந்தப் பக்கம் நிற்க வேண்டும். மலேசியக் கடப்பிதழ் இருப்பதால் மனைவி சுற்றுப்பயணியாகப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். குடியிருக்க முடியாது, பிள்ளையை அங்கே வைத்துக்கொள்ள முடியாது.

சிங்கப்பூரைத் திட்டிவிட்டு நாம் யோக்கியர்கள் என்று உட்கார்ந்துவிட முடியுமா? நம் நாடு என்ன செய்கிறது? கோலாலம்பூரில் உயர் பதவிக்கு வரும் வெளிநாட்டு அதிகாரி, தான் மணக்காத துணையையும் நீண்டகால வருகை அனுமதியில் கூட்டிக்கொண்டு வர நம் குடிநுழைவுத் துறை வழி வைத்திருக்கிறது. அதே நாட்டில், தமிழ்நாட்டிலிருந்து வந்து நம் சாப்பாட்டுக் கடையில் தோசை சுடும் தம்பி, முடிதிருத்தும் கடையில் நிற்கும் தம்பி, தற்காலிக வேலை அனுமதியில் இருப்பவர். ஊரில் அக்கினி சாட்சியாகக் கட்டிய மனைவியை அவர் அழைத்து வர முடியாது. இங்கே ஒரு பெண்ணை விரும்பினால் மணக்கவும் முடியாது, அனுமதியின் நிபந்தனையே அதுதான். நம் பெண்கள் சிலர் அவர்களோடு கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு வாழ்கிறார்கள். அனுமதி முடிந்து அவர் ஊருக்கு அனுப்பப்பட்ட பிறகு, பின்னாலேயே போய்ச் சேரலாம் என்று இந்தியத் தூதரகத்துக்குப் போனால், அங்கேயும் முதல் கேள்வி திருமணச் சான்றிதழ்தான்.

பதிவு செய்யத் தயாராக இருந்தும் அரசாங்கமே பதியவிடாத குடும்பங்களும் உண்டு. சட்டம் 164 முஸ்லிம் அல்லாதாருக்கு மட்டும். ஆவணத்தில் முஸ்லிம் என்று இருக்கும் ஒருவர், இந்துவாகவே வளர்ந்து இந்துவாகவே வாழ்ந்தாலும், இந்துவை மணந்து அதில் பதிய முடியாது. 2004இல் இந்து முறைப்படி ஓர் இந்துவை மணந்த மலாக்காப் பெண் ஒருவர் 2007இல் உலு யாம் மறுவாழ்வு மையத்தில் 180 நாள் தடுத்து வைக்கப்பட்டதை மறந்துவிட்டீர்களா? எந்த மதத்தார் மீதும் எங்களுக்குப் பகை இல்லை. ஆனால் இப்படிப்பட்ட ஜோடிக்குச் சொந்த நாட்டில் எந்தப் புத்தகத்திலும் சேர்த்துப் பெயர் எழுதப்படாது. ‘மணமாகாத துணை’ என்ற அந்த அவமானப் பெட்டிதான் அவர்கள் ஒன்றாக வாழ மிச்சமிருக்கும் ஒரே வழி. ஆகவே அந்தப் பெட்டியே கூடாது என்று கத்துகிறவர்களோடு நாங்கள் சேரமாட்டோம். அதை ஏழைக்கும் எட்டும்படி வையுங்கள் என்றுதான் கேட்போம்.

இன்னும் பிள்ளைகளைப் பற்றிப் பேசவில்லை. பதிவில்லாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை, நம் அரசியலமைப்புப்படி குடியுரிமையில் தாயைத்தான் தொடரும். தாயும் மலேசியர், பிறந்ததும் மலேசியாவில் என்றால் பிழைத்தோம். தாய் வெளிநாட்டவர் என்றால்? 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. தந்தை மலேசியர், தாய் பிலிப்பீன்ஸ் நாட்டவர், பிள்ளை அங்கே பிறந்தது. பெற்றோர் மணந்துகொண்டது பிள்ளை பிறந்த பிறகு. ஏழு நீதிபதிகளில் நான்கு பேர் குடியுரிமை இல்லை என்றார்கள், மூன்று பேர் உண்டு என்றார்கள். ஒரு பிள்ளையின் தாய்நாடு ஒரே ஓட்டில் போனது. தாலி கட்டிய நாளையும் பதிவு செய்த நாளையும் வேறு வேறாக வைத்திருக்கும் குடும்பங்கள் இந்தத் தீர்ப்பை இரண்டு முறை படியுங்கள்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. காலம் தாழ்த்திப் பதிவு செய்கிறவர்களுக்கு, வழக்கப்படி கல்யாணம் நடந்த நாளையும் கோயில் சாட்சியத்தோடு சான்றிதழில் குறித்துத் தர வேண்டும். இன்றைக்கு நீங்கள் போய்ப் பதிந்தால் இன்றைய தேதிதான் போடுவார்கள்; ஐந்து வருட வாழ்க்கை காற்றில் போய்விடுகிறது. கல்யாணம் நடத்தி வைக்கும் ஒவ்வொரு கோயிலிலும் துணைப் பதிவாளர் ஒருவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் மண்டபத்தை வாடகைக்கு விடக் கூடாது. 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு இரு நாடுகளும் கையெழுத்திட்டன. முதலீடு எளிதாகக் கடக்கும், சரக்கு எளிதாகக் கடக்கும் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். பாலத்தைத் தாண்டி உழைக்கும் மலேசியரின் மனைவி, பிள்ளை என்ற சொல் எங்கள் காதில் விழவில்லை. நம் சட்டமன்ற உறுப்பினர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு மாலையோடு வரும்போது இதைக் கேளுங்கள். சாப்பிடுவதற்கு முன்பு கேளுங்கள்.

அவர்களுக்காகக் காத்திருக்காமல் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. இருவரும் அடையாள அட்டையோடு தேசியப் பதிவிலாகாவுக்கோ, துணைப் பதிவாளர் உள்ள கோயிலுக்கோ, சங்கத்துக்கோ போங்கள். விண்ணப்பம் கொடுத்து 21 நாள் அறிவிப்பில் இருக்கும். அதன் பிறகு, அறிவிப்பு வெளியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதிவை முடிக்க வேண்டும். 21 வயது ஆகாதவருக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பேரப்பிள்ளை எடுத்தவர்கள் கூச்சப்பட வேண்டாம். உங்களைப் போல் பலரை நாங்களே கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம். போகிற அதே நாளில் அடையாள அட்டை முகவரியையும் மாற்றுங்கள், இருவர் பேரிலும் ஒரு வங்கிக் கணக்கு திறங்கள். வெளிநாட்டில் இருக்கும் கணவர் பணம் அனுப்பிய ரசீது, பேசிய பதிவு, வந்துபோன கடப்பிதழ் முத்திரை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

அந்தப் பாசீர் கூடாங் தங்கை அப்படித்தான் செய்தார். ஒரு சனிக்கிழமை, பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, பழைய கூறைப் புடவையையே கட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். சான்றிதழ் கைக்கு வந்ததும் கணவர் அதைக் கம்பெனி ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பெண் வாங்கிப் பார்த்தாள், சரியாக இருக்கிறது என்றாள். பிறகு கம்ப்யூட்டரில் அவருடைய சம்பளத்தைப் பார்த்தாள். 4,200 வெள்ளி.

அவர் அங்கேயே அந்த அறையில்தான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை இரவு பாலத்தைக் கடந்து வருகிறார், ஞாயிறு இரவு திரும்பிப் போகிறார்.